நுண்ணுயிர் உரமும் யூரியாவும்: காய்கறிப் பாத்திக்கு எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது?

தக்காளி நாற்று நடும் குழியில் ஒரு கைப்பிடி யூரியாவையும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரம் ஒரு கைப்பிடியையும் ஒன்றாகப் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. இரண்டும் தழைச்சத்து என்கிற நைட்ரஜனுக்குத்தானே, ஒரே வேலையாக முடிந்துவிடும் என்ற எண்ணம். ஆனால் யூரியா கரைந்து அம்மோனியாவாக மாறும் முதல் சில நாட்களில் அந்தக் குழி மண் காரமாகிவிடும். பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி பிழைக்காது. இளம் வேரின் நுனியும் கருகும். பொட்டலத்துக்குக் கொடுத்த காசும் போச்சு, யூரியாவும் வீண்.

இதைப் பார்த்துவிட்டு ‘ரசாயன உரம் போட்டாலே மண் செத்துவிடும்’ என்று ஒரேயடியாக முடிவு கட்டுவதும் சரியில்லை. காய்கறிப் பயிருக்கு இரண்டும் உதவும் என்பதே என் கருத்து. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்: முதலில் மக்கு (மக்கிய தொழு உரம்), பிறகு பாக்டீரியா, கடைசியாகக் குறைத்துப் பிரித்த யூரியா. ஏன் இந்த வரிசை என்பதைப் புரிந்துகொண்டால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் காரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். இருந்தும் செடியால் அதைத் தொட முடியாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. அந்தக் கட்டை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி சில வகை பாக்டீரியாக்களிடமும் அவற்றை ஒத்த சில நுண்ணுயிர்களிடமும் மட்டுமே இருக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக மாற்ற, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 செலவாகும். பாக்டீரியாவுக்கு இது பெரிய செலவு. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை உதவும்.

இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. அவரை, காராமணி, பட்டாணி போன்ற பயறுக் குடும்பத்துச் செடிகளின் வேரில் முடிச்சு போட்டு வாழும் ரைசோபியத்துக்குச் செடியே சர்க்கரை கொடுக்கிறது. அதனால் அது தாராளமாக வேலை செய்யும். பயிரையும் மண்ணையும் பொறுத்து ஒரு ஹெக்டேருக்கு 50 முதல் 200 கிலோ வரை கூட நைட்ரஜனைச் சேர்க்கும். முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் 1888-ல் பிரித்தெடுத்தார்.

அசோஸ்பைரில்லமும் அசோடோபாக்டரும் அப்படியல்ல. வேரைச் சுற்றியும் மண்ணிலும் கிடைக்கும் கசிவுகளைத் தின்று வாழ்கின்றன. கிடைக்கும் ஆற்றல் குறைவு என்பதால் அவை சேர்க்கும் நைட்ரஜனும் குறைவு. பிறகு எதற்கு அவற்றைப் போடுகிறோம்? அசோஸ்பைரில்லத்தின் பெரிய உதவி நைட்ரஜனில் இல்லை, வேரில் இருக்கிறது. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை அது சுரக்கிறது. பக்க வேர்களும் வேர்த் தூவிகளும் கூடுகின்றன. வேரின் பரப்பு கூடினால், மண்ணில் ஏற்கெனவே உள்ள தழைச்சத்தையும் நீங்கள் போடும் உரத்தையும் செடி வீணாக்காமல் எடுத்துக்கொள்ளும். ஆகவே அசோஸ்பைரில்லத்தை ‘யூரியாவுக்கு மாற்று’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான் வரும். ‘கொடுத்த உரத்தை முழுதாகப் பயன்படுத்தவைக்கும் துணை’ என்று நினைத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. பொட்டலத்தில் கிடைக்காதது, ஆனால் இதுதான் மிக முக்கியம். மக்கை உடைத்து அம்மோனியம் ஆக்குபவை, யூரியேஸ் நொதியால் யூரியாவைப் பிரிப்பவை, அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும் நைட்ரசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா. நீங்கள் போடும் யூரியாகூடப் பெரும்பாலும் இவற்றின் கையால் மாறித்தான் செடியைச் சேர்கிறது. மண்ணில் உயிர் இல்லையென்றால் யூரியாவும் சரியாக வேலை செய்யாது.

உரம் பாக்டீரியாவைக் கொல்கிறதா?

அளவான உரம் மொத்தமாகக் கொல்வதில்லை. கெடுதல் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, யூரியா குருணை விழுந்த இடத்தைச் சுற்றி அம்மோனியாவும் காரமும் ஏறுவது. இது சில சென்டிமீட்டர் சுற்றளவில், சில நாட்கள் மட்டும் இருக்கும். அந்த வட்டத்துக்குள் விதையோ நாற்றோ பாக்டீரியாவோ இருந்தால்தான் ஆபத்து.

இரண்டாவது, நைட்ரஜன் பிடிக்கும் வேலை நின்றுபோவது. மண்ணில் அம்மோனியம் தாராளமாகக் கிடைக்கும்போது அசோஸ்பைரில்லமும் அசோடோபாக்டரும் நைட்ரஜனேஸை நிறுத்திவிடும். 16 ஏடிபி செலவு செய்து காற்றிலிருந்து எடுப்பானேன், காலடியிலேயே இருக்கும்போது? பயறுச் செடிகளில் செடியே இந்த முடிவை எடுக்கிறது. மண்ணில் நைட்ரேட் அதிகமிருந்தால் புது முடிச்சுகளை அனுமதிக்காது. பாக்டீரியா சாகவில்லை, வேலையை நிறுத்திவிட்டது. அளவைக் குறைத்தால் மறுபடி தொடங்கும்.

மூன்றாவதுதான் நீண்ட காலக் கெடுதல். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் அம்மோனிய உரங்களை மட்டும் கொட்டி, சுண்ணாம்பு போடாமல் விட்டால் மண் புளித்துப்போகும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் பார்க் கிராஸ் என்ற புல்வெளிச் சோதனை 1856 முதல் இன்றுவரை நடக்கிறது. அங்கே சுண்ணாம்பில்லாமல் அம்மோனியம் சல்பேட்டை அதிகமாக வாங்கிய பகுதிகளில் மண்ணின் பிஹெச் (புளிப்பு, கார அளவு; எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. காய்ந்த புல்லை மக்கவைக்க ஆளில்லாமல் அது மேலே மெத்தை போலப் படிந்து கிடக்கிறது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: மண்ணைப் பாருங்கள்

மண் பரிசோதனையில் இரண்டு எண்கள் போதும்: பிஹெச், கரிமச்சத்து. பிஹெச் 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலான நல்ல பாக்டீரியாக்களுக்குச் சுகம். 5.5-க்குக் கீழே என்றால் முதலில் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யுங்கள். பாக்டீரியாவுக்குக் காசு செலவழிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பையோ சாம்பலையோ போடும் நாளில் யூரியா போடாதீர்கள். காரம் ஏறி, தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். இடையில் இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

பரிசோதனைக்கு வழியில்லையென்றால், ஈரமான மண்ணை ஒரு சாண் ஆழத்தில் தோண்டி முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்கு வரும் அந்த மணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளிலிருந்து வருகிறது. மணம் இருந்தால் மண் உயிரோடு இருக்கிறது. அழுகல் வாடை அடித்தால் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் தேங்கும் அந்த மாதிரி மண்ணில் போடும் நைட்ரேட்டை வேறு வகை பாக்டீரியாக்கள் வாயுவாக்கி விட்டுவிடும். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. வடிகாலைச் சரிசெய்யாமல் எந்த உரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

படி 2: மக்கு போடுங்கள்

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கரிமம். சாப்பாடு இல்லாத மண்ணில் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டினாலும் சில வாரங்களில் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிடும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 2 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தை மேல் மண்ணில் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நன்கு மக்கிய’ என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வைக்கோலில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரிமம் சுமார் 80 பங்கு. மரத்தூளில் இன்னும் பல மடங்கு. பாக்டீரியாவின் உடலிலோ இந்த விகிதம் 1-க்கு 8 அளவில்தான் இருக்கிறது. ஆகவே பச்சை வைக்கோலையோ மரத்தூளையோ மண்ணுக்குள் புதைத்தால், அதை உடைக்கக் கிளம்பும் பாக்டீரியாக்கள் தங்களுக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். செடி வெளுத்து நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் யூரியா போடுவோம். சில வாரம் கழித்து பாக்டீரியாக்கள் மடிந்து அந்த நைட்ரஜனெல்லாம் வெளியே வரும்போது, பூக்க வேண்டிய நேரத்தில் செடி தழைத்துக்கொண்டிருக்கும். கரிம விகிதம் 25-க்குக் கீழே வந்த மக்கில் இந்தத் தொல்லை இல்லை. எண் தெரியாவிட்டால் கண்ணால் பார்க்கலாம்: கறுத்து, உதிரியாகி, எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாமல் போயிருந்தால் தயார். வைக்கோலை மேலே மூடாக்காகப் போடுவதில் தவறில்லை, உள்ளே புதைக்காதீர்கள்.

படி 3: பயிருக்கேற்ற பாக்டீரியா

பயறுக் குடும்பக் காய்கறிகளுக்கு ரைசோபியம், அதுவும் அந்தப் பயிருக்கென்று உள்ள இனம். பட்டாணிக்கு ஒத்துப்போவது காராமணிக்கு முடிச்சு போடாது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள், கோஸ், கீரை எல்லாவற்றுக்கும் அசோஸ்பைரில்லம். இதோடு, மண்ணில் பிடிபட்டுக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவைச் சேர்ப்பது நல்லது. நாற்றழுகல், வாடல் தொல்லை இருக்கும் நிலத்தில் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நோய் தடுக்கும் பாக்டீரியாக்கள் இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். தூள் வடிவம் பொதுவாக ஆறு மாதம், திரவம் ஓராண்டு வரை தாங்கும். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சியிருக்காது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படி 4: விதையிலும் வேரிலும் ஏற்றுவது

விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 20 கிராம் தூள். ஆறிய கஞ்சியையோ வெல்லக் கரைசலையோ விதை பளபளக்கும் அளவு மட்டும் தெளித்து, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள், பாக்டீரியா எப்போதும் கடைசி.

நாற்று வேருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் தூளைக் கரைத்து, 15 முதல் 30 நிமிடம் வேரை மட்டும் நனையவைத்து நடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமானால் திறந்த வாளியில் ஓர் இரவு வைத்திருந்து எடுங்கள். மாலை வேளையில் நடுவது நல்லது, உச்சி வெயிலில் வேரின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியா நிமிடங்களில் காய்ந்துவிடும்.

மீதமுள்ள கரைசலையும் தூளையும் மக்கோடு கலந்து வேர்ப் பகுதியில் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். தாமிரம் கலந்த பூஞ்சணக்கொல்லியை அந்த வாரத்தில் மண்ணில் ஊற்ற வேண்டாம். யூரியாவோடு சேர்த்துக் கரைப்பது கூடவே கூடாது.

படி 5: தழைச்சத்துக் கணக்கு

உரப் பரிந்துரைகள் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ நைட்ரஜன் என்று இருக்கும். ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 21.

10 சதுர மீட்டர் தக்காளிப் பாத்திக்குப் பரிந்துரை 100 கிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்கெனவே 20 கிலோ தொழு உரம் போட்டிருக்கிறீர்கள். அதில் நைட்ரஜன் அரை சதவீதம் என்றால் மொத்தம் 100 கிராம். ஆனால் அது முழுதும் இந்தப் பருவத்தில் கிடைக்காது. கால் பங்கு, அதாவது 25 கிராம் மக்கிக் கிடைக்கும் என்று கொள்ளலாம். மீதி 75 கிராம். அதை 0.46-ஆல் வகுத்தால் 163 கிராம் யூரியா.

இதை மூன்றாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு சுமார் 55 கிராம். இரண்டடி இடைவெளியில் நட்ட பாத்தியில் ஏறக்குறைய 28 செடிகள் இருக்கும். செடி ஒன்றுக்கு ஒரு தவணையில் 2 கிராம், அதாவது தேக்கரண்டியில் பாதி. கைப்பிடிக் கணக்கு எவ்வளவு அதிகம் என்பது இங்கே தெரிந்துவிடும்.

நுண்ணுயிர் உரம் கொடுத்த பாத்தியில் இந்த 163 கிராமைக் கால் பங்கு குறைத்து 120 கிராம் வரை கொண்டுவரலாம். முதல் பருவத்திலேயே மொத்த நிலத்திலும் குறைக்கச் சொல்லமாட்டேன். எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பயறுக் குடும்பப் பயிர்களுக்குக் கணக்கே வேறு: மண் மிகவும் சத்தற்றதாக இருந்தால் தொடக்கத்தில் சதுர மீட்டருக்கு 2 கிராம் நைட்ரஜன், இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

படி 6: பிரித்துக் கொடுப்பது

நட்ட உடனே யூரியா வேண்டாம். வேர் பிடித்து, புது இலை விட்டு, பாக்டீரியாவும் வேரில் குடியேற 15 முதல் 20 நாள் ஆகும். முதல் தவணை அப்போது. இரண்டாவது பூ எடுக்கும்போது, மூன்றாவது காய் பிடித்துப் பருக்கும்போது.

தண்டிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில் கோடு கீறி, யூரியாவைத் தூவி மூடி, உடனே தண்ணீர் கட்டுங்கள். ஈர மண்ணின் மேல் தூவி வெயிலில் விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய விரயம். அதே நேரம் பாத்தி வழியும் அளவு தண்ணீர் விட்டால், நைட்ரேட் மண்ணில் ஒட்டாத பொருள் என்பதால் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். மணற்பாங்கான நிலத்தில் மூன்று தவணையை ஐந்தாறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் பூசிய யூரியா கிடைத்தால் அதையே வாங்கலாம். வேம்பிலுள்ள பொருட்கள் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைப்பதால் சத்து கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும்.

வெங்காயத்துக்குக் குமிழ் திரளத் தொடங்கியதும் தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து தடித்து, சேமிப்பில் அழுகும். கீரை, கோஸ் வகைகளுக்குத் தழைச்சத்து தேவைதான், ஆனால் கீரையில் அறுவடைக்கு முந்தைய நாட்களில் கொடுத்தால் இலையில் நைட்ரேட் தேங்கும். கடைசித் தவணைக்கும் அறுவடைக்கும் போதிய இடைவெளி விட்டு, வெயில் பட்ட மாலை நேரத்தில் அறுத்தால் நைட்ரேட் குறைவாக இருக்கும்.

படி 7: இலையைப் படியுங்கள்

தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரும். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். நுனி இலை முதலில் வெளுத்தால் பிரச்சினை தழைச்சத்தில் இல்லை, கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் எல்லா மஞ்சளுக்கும் யூரியா போடுவது வழக்கமாகிவிட்டது. அவசரத்துக்கு லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போகாமல் யூரியா கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். இளஞ்செடிக்கு 5 கிராம் போதும்.

மிகுதியான தழைச்சத்தையும் இலையே சொல்லும். கரும்பச்சை நிறம், உள்ளே சுருளும் இலை, கணுக்களுக்கு நடுவே நீண்ட தண்டு, உதிரும் பூ, குருத்தில் மொய்க்கும் அசுவினி. தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதற்கும் அம்மோனிய மிகுதி ஒரு காரணம். அம்மோனியம் சுண்ணாம்புச்சத்தோடு போட்டி போட்டு அதை வேருக்குள் நுழையவிடுவதில்லை. இந்த நிலையில் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுவதுதான் மருந்து.

படி 8: சோதித்துப் பாருங்கள்

காராமணியோ அவரையோ பூக்கும் சமயத்தில் ஒரு செடியை இழுத்துப் பிடுங்காமல், மண்கட்டியோடு வெட்டியெடுங்கள். வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண் தானாகக் கரையட்டும், முரட்டுத்தனமாக அலசினால் முடிச்சு உதிர்ந்துவிடும். வேரில் கடுகு முதல் மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். தாய் வேரை ஒட்டி இருப்பதில் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ளதற்கு உறவான லெக்ஹீமோகுளோபின் கொடுக்கும் நிறம் அது. நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் பொறுப்பு அதனுடையது. வெள்ளையாக இருந்தால் வேலை தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. முடிச்சே அரிதாக இருந்தால் மண்ணில் நைட்ரேட் அதிகமா, பொருந்தாத இனமா என்று பாருங்கள்.

மற்ற பயிர்களில் இப்படிக் கிள்ளிப் பார்க்க எதுவும் இல்லை. ஒப்பிட்டால்தான் தெரியும். ஒரே பாத்தியை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதிக்கு நுண்ணுயிர் உரம் இல்லாமல் முழு யூரியா. இரண்டாவதற்கு நுண்ணுயிர் உரத்தோடு முழு யூரியா. மூன்றாவதற்கு நுண்ணுயிர் உரத்தோடு முக்கால் யூரியா. மக்கு, தண்ணீர், ரகம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஓரச் செடிகளை விட்டுவிட்டு, நடுச் செடிகளின் காயை ஒவ்வொரு பறிப்பிலும் எடை போட்டு எழுதுங்கள். இலை செழிப்பைப் பார்த்து மதிப்பிடாதீர்கள், யூரியா கூடிய செடி எப்போதும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பகுதியின் எடை முதலாவதற்குச் சமமாக வந்தால் அடுத்த பருவத்தில் நிலம் முழுக்க முக்கால் அளவுக்கு இறங்கலாம். குறைந்து, இரண்டாவது மட்டும் கூடியிருந்தால், பாக்டீரியா வேலை செய்கிறது, ஆனால் மண்ணில் கையிருப்பு போதவில்லை என்று பொருள். யூரியாவைக் குறைக்காமல் இன்னும் ஒரு பருவம் மக்கைக் கூட்டிப் போட்டு மறுபடி பாருங்கள். மூன்றுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் முழு அளவே உங்கள் மண்ணுக்கு அதிகம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது அடுத்த முறை நுண்ணுயிர் உரம் இல்லாத ஒரு பகுதியிலும் முக்கால் யூரியா மட்டும் கொடுத்து, நான்காவது பகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.